வானத்துக்கு வாடகையா?

2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள எமது இல்லத்தில் தொலைக்காட்சி நின்றுபோயிற்று. அது எவ்வகையான ஆண்டு என்பதை வாசகர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் வெட்டப்பட்டது. மாத்தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவுக்கு வாங்கக்கூடியதாயிருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். அச்சிடக் கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்திற் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆசிரியத் தொழிலின் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் மாதந்தோறும் செலவுப் பட்டியலை முன்வைத்து, எதை வெட்டுவது என்று ஆராய்ந்த காலம் அது. பால்மாவை வெட்ட முடியாது. பிள்ளைகளின் கொப்பிகளை வெட்ட முடியாது. பேருந்துக் கட்டணத்தை வெட்ட முடியாது. எனவே செய்மதித் தொலைக்காட்சிக்குச் செலுத்திவந்த மாதக் கட்டணத்தை வெட்டினோம்.

அன்று மாலை எமது மகனுக்கும் எமக்குமிடையே நிகழ்ந்த உரையாடல் இது:

“அப்பா, மழை பெய்தாத்தானே படம் நிக்கிறது? இண்டைக்கு மழையில்லையே?”

“மழையில்லைப் பிள்ளை. நாங்கள் காசு கட்டேல்லை.”

“அப்ப மேலையிருந்து அனுப்புறதை நிப்பாட்டிப் போட்டினமோ?”

“இல்லை. வாறது வந்துகொண்டுதான் இருக்கு. பெட்டிதான் திறக்குதில்லை.”

“வாறதை ஏன் பூட்டி வைக்கினம்?”

பத்து வயதுச் சிறுவனின் இக்கேள்விக்கு உடனடியாக விடை கூற எம்மால் இயலவில்லை. நியாயமான கேள்வியொன்றை மாணவன் கேட்டுவிட்டால், அதற்கு விடை தேடுவது ஆசிரியனின் கடமை. அக்கடமையின் விளைவே இக்கட்டுரை.

முதலில், நடந்தது யாதென்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் செய்மதியொன்று நிற்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதற்கு எடுக்கும் நேரத்திலேயே அதுவும் ஒரு முறை சுற்றுவதால், எமது கண்ணுக்கு அது அசையாது நிற்பதாகும். அதிலிருந்து வரும் அலைகள் மாளிகையின் கூரை, குடிசையின் கூரை என்று பேதம் பாராட்டுவதில்லை. கட்டணம் செலுத்துபவன் வீட்டிலும், செலுத்தாதவன் வீட்டிலும், தொலைக்காட்சியே இல்லாதவன் வளவிலும் அவை ஒரே அளவில் விழுகின்றன. ஆனால் அலைகளை அனுப்புமுன் அவற்றைக் குழப்பிப் பூட்டி அனுப்புகின்றார்கள். அப்பூட்டைத் திறக்கும் திறவுகோல் எமது வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சிறு அட்டையில் உள்ளது. கட்டணம் வரும்வரை திறவுகோல் வேலை செய்யும். கட்டணம் நின்றால் அதுவும் நிற்கும். அன்று மாலை எமது கூரைமீது விழுந்த அலைகளில் எவ்வித குறைவும் ஏற்படவில்லை. குறைந்தது எமது பணம் மாத்திரமே.

இங்குதான் ஒழுக்கவியற் பிரச்சினை எழுகிறது. ஓர் இறாத்தல் பாணை நாம் உண்டால், அதை அயலவர் உண்ண முடியாது. ஆகவே பாணுக்கு விலை வைப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் நாம் ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்பதனால் அயலவருக்கு அது குறைந்துவிடுவதில்லை. கடற்கரையில் நிற்கும் வெளிச்சவீட்டின் ஒளியை ஒரு படகோட்டி கண்டதால் மற்றொரு படகோட்டிக்கு இருள் உண்டாவதில்லை. இத்தகைய பொருள்களுக்குரிய தனித்தன்மையை அமெரிக்கப் பொருளியலாளர் போல் சாமுவெல்சன் 1954ஆம் ஆண்டிற் கணித வடிவில் எடுத்துரைத்தார். முதலாளித்துவப் பொருளியலின் பாடநூல்களே இன்றும் அதனைப் போதிக்கின்றன. ஒருவரை மேலதிகமாகச் சேர்ப்பதற்கு எவ்வித செலவும் இல்லாத ஒன்றிலிருந்து அவரை விலக்கி வைப்பது வீண்விரயம் என்பதே அதன் சாரம். குறைவில்லாத ஒன்றிற் குறைவை வேண்டுமென்றே உண்டாக்கி, பின்னர் அக்குறைவையே விற்பது எத்தகைய வாணிபம்? பொதுக் கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்கு வாடகை கேட்பவனை எமது கிராமங்கள் எப்பெயரால் அழைக்கும்?

இவ்வாறு நாம் வாதித்தபோது, எம்முடன் கற்பிக்கும் நண்பரொருவர் குறுக்கிட்டார். “வெளிச்சவீட்டை யார் கட்டியது? கிணற்றை யார் தோண்டியது? நாடகத்தில் நடிப்பவனும், படம் பிடிப்பவனும், மைதானத்தின் ஓரத்தில் வெயிலிற் கமெராவைச் சுமந்து நிற்பவனும் உண்ண வேண்டாமா? பார்ப்பவன் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது? உழைப்பைப் பற்றி எந்நேரமும் பேசும் நீங்கள் உழைப்பின் விலையை மறந்துவிட்டீர்களே” என்றார்.

இது தட்டிக்கழிக்கக்கூடிய வாதமன்று. அலை இலவசமாக விழலாம். அவ்வலை சுமந்துவரும் கலை இலவசமாக விளைவதில்லை. பாரம் ஒன்று இருக்கிறது. அதை யாரோ சுமக்கத்தான் வேண்டும். எனவே கேள்வியைத் திருத்தி அமைக்கிறோம்: தொலைக்காட்சியின் பாரத்தைச் சமுதாயம் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது நீதியாகும்? இதுவரை உலகம் கண்டவை மூன்று வழிகள். பார்ப்பவனிடம் நேரடியாகக் கட்டணம் அறவிடுவது ஒன்று. விளம்பரகாரனிடம் பெறுவது மற்றொன்று. பொதுப்பணத்தால் நடத்துவது மூன்றாவது. இம்மூன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

கட்டண வழியின் ஆதரவாளர், “வேண்டியவன் கொடுக்கிறான், வேண்டாதவன் கொடுக்கவில்லை, இதில் வற்புறுத்தல் எங்கே?” என்பர். ஆனால் வேண்டாதவன் வேறு, இயலாதவன் வேறு. சந்தை இவ்விருவரையும் ஒரே பட்டியலிற் சேர்த்துவிடுகிறது. மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே 2021ஆம் ஆண்டிற் சட்டவலுப் பெற்றது. இருந்தும் லயன் கூரைகளின்மேல் வரிசைவரிசையாக வட்டத் தட்டுக்கள் நிற்பதைப் பதுளைக்கும் ஹற்றனுக்கும் பயணஞ் செய்வோர் எவரும் காணலாம். “சோற்றுக்கு இல்லாதவர்களுக்குத் தொலைக்காட்சி எதற்கு?” என்று ஏளனம் செய்வோரை நாம் கேட்டிருக்கிறோம். நாள் முழுவதும் மலைச்சரிவில் நின்று திரும்பியவள், ஒற்றை அறையில் இருந்தபடியே தன் மொழியிற் பாட்டும் கதையும் கேட்க வேறு எந்த வாயிலை நாம் திறந்து வைத்திருக்கிறோம்? அவள் செலுத்தும் கட்டணம் ஆடம்பரத்தின் விலையன்று. பொது வாயில்கள் அவளுக்கு மூடப்பட்டிருந்தமைக்கு அவள் செலுத்தும் தண்டம்.

பொதுவாழ்வின் நிகழ்ச்சிகள் பூட்டுக்குள் செல்லும்போது கட்டண வழியின் தீங்கு இன்னுந் தெளிவாகும். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டு ஆஷஸ் கிரிக்கெற் தொடரைச் சாதாரண அன்ரனா உள்ள எவரும் கட்டணமின்றிப் பார்த்தனர். கோடைகாலம் முழுவதும் நாடே அதைப்பற்றிப் பேசியது. அடுத்த ஆண்டு முதல் நேரடி ஒளிபரப்பு கட்டணச் செய்மதிக்கு மாறிற்று. 2019ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி அந்நாடு உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆடியபோது, அந்த ஒரு நாளைக்கு மாத்திரம் பூட்டைத் திறந்துவிட்டார்கள். இடையிலிருந்த ஆண்டுகளிற் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுச் சிறுவர்கள் தம் நாட்டின் ஆட்டத்தை நேரடியாகக் காணாமலே வளர்ந்தனர். 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை வென்றபோது நமது நாட்டின் தெருக்களில் என்ன நிகழ்ந்தது என்பதை மூத்த வாசகர் அறிவர். வசதியுள்ளோர் மாத்திரம் உள்ளே இருந்து பார்த்திருந்தால் அந்த மகிழ்ச்சி தெருவுக்கு வந்திருக்குமா?

அயல்நாடான இந்தியாவில் இப்பிரச்சினை நீதிமன்றம்வரை சென்றது. 1993ஆம் ஆண்டின் கிரிக்கெற் சுற்றுப்போட்டியொன்றை யார் ஒளிபரப்புவது என்ற தகராறு, 1995ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் முக்கிய தீர்ப்பொன்றில் முடிந்தது. வான் அலைகள் பொதுச்சொத்து. அவை அரசாங்கத்தின் ஏகபோகமாகவும் இருத்தலாகாது, பணம் படைத்தோரின் ஏகபோகமாகவும் இருத்தலாகாது. பொதுநலன் கருதிப் பொது அதிகாரசபையொன்றால் அவை ஒழுங்கு செய்யப்படல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. பின்னர் 2007ஆம் ஆண்டிலே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டு நிகழ்ச்சிகளின் ஒளிபரப்பைப் பொது ஒளிபரப்பு நிறுவனத்துடன் கட்டாயமாகப் பகிர வேண்டுமென அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமியற்றியது. சந்தையின் பூட்டுக்கு ஓர் எல்லை உண்டென்பதை முதலாளித்துவ அரசுகளே ஒப்புக்கொள்ள நேர்ந்தமைக்கு இது சான்று.

இனி விளம்பர வழி. கட்டணத்தை நிறுத்தியபின் எமது வீட்டுக்கு வந்து சேர்ந்த தனியார் அலைவரிசைகள் ‘இலவசம்’ என்ற பெயருடன் வந்தன. உண்மையில் அவை இலவசமா? கனடாவைச் சேர்ந்த மார்க்சிய அறிஞர் டல்லஸ் ஸ்மைத் 1977ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், வர்த்தக ஒலிபரப்பு விற்கும் சரக்கு நிகழ்ச்சியன்று, பார்வையாளரே சரக்கு என்றார். விளம்பரகாரன் வாங்குவது எமது கவனத்தை. நாடகத்தின் நடுவே சவர்க்காரமும் சலவைத் தூளும் வருகின்றன என்று நாம் எண்ணுகிறோம். சவர்க்காரத்துக்காகவே நாடகம் தயாரிக்கப்படுகிறது என்பது வியாபாரியின் கணக்கு. அந்த விளம்பரத்தின் செலவு ஈற்றில் எங்கே போய்ச் சேர்கிறது? சவர்க்காரத்தின் விலையில். தொலைக்காட்சியே இல்லாத முதியவள் ஒருத்தி கடையில் ஒரு சவர்க்காரம் வாங்கும்போது, தான் ஒருபோதும் பாராத நாடகத்துக்குத் தன் பங்கைச் செலுத்திவிட்டுப் போகிறாள். கட்டணத் தொலைக்காட்சி கொடுக்க இயலாதவனை விலக்குகிறது. விளம்பரத் தொலைக்காட்சியோ பாராதவனிடமும் அறவிடுகிறது. மேலும், கட்டணம் செலுத்திய காலத்தில் எமது வீட்டுக்கு விளம்பரங்கள் வராமலிருந்தனவா? இல்லை. அங்கே திறவுகோலுக்கும் கொடுத்தோம், கவனத்தையும் கொடுத்தோம். இன்று இளைஞர்கள் கைத்தொலைபேசியிற் பார்க்கும் காட்சிகளிலும் இதே இரட்டை அறவீடு உண்டு. தரவுக்கு ஒரு விலை. தரவு சுமந்துவரும் விளம்பரத்துக்கு மறு விலை.

மூன்றாவது வழி, பொது வழி. இதனை ஆராயும்போது ஒரு வரலாற்றை நாம் நினைவுகூர்தல் நன்று. பூமிக்கு மேலே அசையாது நிற்கும் செய்மதிகளின் வழியாக உலகெங்கும் ஒலியையும் ஒளியையும் பரப்பலாமென்று 1945ஆம் ஆண்டில் எழுதியவர் ஆதர் சி. கிளாக். அவர் 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 2008ஆம் ஆண்டில் இறக்கும்வரை இந்நாட்டையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார். அவர் எழுதி முப்பது ஆண்டுகளின் பின், 1975ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதலாந் திகதி, எமது பிராந்தியத்திலே அக்கனவு முதன்முறையாகப் பெருமளவிற் பரீட்சிக்கப்பட்டது. அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற செய்மதியொன்றின் துணையுடன், இந்தியாவின் ஆறு மாநிலங்களிலுள்ள ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு ஓராண்டு காலம் தொலைக்காட்சி சென்றது. அவ்வலைகளைப் பெறும் கருவியொன்றை இந்திய விஞ்ஞானிகள் கொழும்பிலிருந்த கிளாக்கின் வீட்டிலும் பொருத்தினர். அக்கிராமங்களில் வீட்டுக்கொரு பெட்டி இருக்கவில்லை. ஊருக்கொரு பெட்டி இருந்தது. காலையிற் பள்ளிச் சிறுவர்க்குப் பாடம். மாலையில் விவசாயம், சுகாதாரம், கலைநிகழ்ச்சி. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை.

வாசகர் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும். செய்மதித் தொலைக்காட்சி எமது பிராந்தியத்திற் பிறந்தபோது பொதுப் பள்ளிக்கூடமாகவே பிறந்தது. அது பின்னர் கடையாக மாற்றப்பட்டது. “இத்தொழில்நுட்பத்தின் இயல்பே வாணிபந்தான்” என்று எவரேனும் கூறுவாராயின், அது வரலாற்றுக்கு முரணானது. இன்றும் இந்தியாவில், 2004ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட அரசாங்கச் செய்மதிச் சேவை மாதக் கட்டணமின்றி இயங்குகிறது. தட்டையும் பெட்டியையும் ஒருமுறை வாங்கினாற் போதும். நான்கு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் அதனைப் பயன்படுத்துவதாக மதிப்பிடப்படுகிறது.

ஆயினும் பொது வழி குற்றமற்றதென நாம் கூறவில்லை. எமது நாட்டின் கதை அதற்கு இடந்தராது. 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கிய முதலாவது தொலைக்காட்சிச் சேவையை அரசாங்கம் அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே கையேற்றது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தன் சேவையை ஆரம்பித்தது. மக்கள் பணத்தில் இயங்கும் இவ்வலைவரிசைகளை ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு கட்சியும் தன் வீட்டுச் சொத்தாகவே கருதியது. தேர்தலுக்குத் தேர்தல் தலைவரும் பணிப்பாளரும் மாறினர். செய்தியின் தொனியும் மாறிற்று. பொதுச்சொத்து வேறு, ஆளுங்கட்சியின் சொத்து வேறு என்ற எளிய உண்மை இந்நாட்டில் இன்னும் நடைமுறையாகவில்லை.

தமிழ் மக்களைப் பொறுத்தமட்டில் இக்குற்றச்சாட்டு இன்னுங் கனமானது. தேசியத் தொலைக்காட்சியில் எமது மொழிக்குக் கிடைத்த நேரம் நெடுங்காலம் பந்தியிற் பிந்தியவனுக்குக் கிடைக்கும் பங்காகவே இருந்தது. 1990ஆம் ஆண்டிற் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் போரில் அழிந்தது. குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றியே இருந்தது. 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011ஆம் ஆண்டிலேதான் அவ்விடத்தில் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் தமிழகத்தின் அலைகளை நோக்கித் தம் அன்ரனாக்களையும் பின்னர் தட்டுக்களையும் திருப்பினார்கள் என்றால், அதை மோகம் என்று மாத்திரம் கூறி ஒதுக்கிவிட முடியாது. தன் மொழியை மதியாத வீட்டிலிருந்து வெளியேறியவன் செய்த மௌனமான விமரிசனம் அது. தனியார் துறையில் 1998ஆம் ஆண்டில் ‘சக்தி’யும், அரசாங்கத் துறையில் 2009ஆம் ஆண்டில் ‘வசந்தம்’ அலைவரிசையும், ரூபவாஹினியின் ‘நேத்ரா’வும் வந்தபின் நிலைமை ஓரளவு மாறியது உண்மை. 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தரவுக்குப் பணமில்லாத வீடுகளிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடங்கள் ‘நேத்ரா’ வழியாக வந்தன. அதை ஆசிரியர்கள் மறக்கலாகாது.

இப்பொழுது, எம்மை நாமே விசாரணை செய்ய வேண்டிய இடத்துக்கு வருகிறோம். நாம் கட்டணத்தை நிறுத்தியது ஓர் அறச்செயலா? அன்று. எட்டாத பழம் புளிக்கும் என்ற கதையை எமது இலட்சியமாக ஆக்கிக்கொள்ள நாம் விரும்பவில்லை. சம்பளம் போதுமாயிருந்திருந்தால் நாம் தொடர்ந்து கட்டணம் செலுத்தியே இருப்போம். வறுமை கட்டாயப்படுத்திய துறவு துறவாகாது. அதைப் புகழ்வது ஏழைகளின் இல்லாமைக்கு மாலை சூட்டுவதாகும். ‘எளிமையாக வாழுங்கள்’ என்ற உபதேசம் வயிறு நிறைந்தவர் வாயிலிருந்து வரும்போதெல்லாம் நாம் அதனைச் சந்தேகத்துடனேயே நோக்க வேண்டும்.

ஆனால் கட்டாயத்தினால் நேர்ந்த ஒன்றிலிருந்து கற்றுக்கொள்வது வேறு விடயம். முதல் இரு வாரங்கள் வீட்டிற் சினமும் சலிப்பும் நிலவின. பின்னர், பழைய இரும்புக் குழாயொன்றில் அன்ரனாவைக் கட்டி முற்றத்தில் நிறுத்தினோம். கிடைத்தவை சில அலைவரிசைகள். தெரிவு குறைந்ததும் ஒரே அறையில் எல்லோரும் அமர்ந்து ஒரே செய்தியைக் கேட்டோம். அச்செய்தி எமக்குச் சினமூட்டியது. தமிழ்ச் செய்தியில் நெல்லுக்கு விலை கிடைக்காத கிளிநொச்சி விவசாயியின் குரல் இல்லை. அமைச்சரின் திறப்புவிழா இருந்தது. முன்னர், நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் இருந்த காலத்தில், இச்சினம் எமக்கு ஏற்பட்டதில்லை. ஏனெனில் அப்பொழுது அடுத்த அலைவரிசைக்குத் தாவிவிடுவோம். சென்னையின் போக்குவரத்து நெரிசலும் அந்நகரின் அன்றைய தங்கவிலையும் எமக்கு மனப்பாடமாயிருந்தன. எமது பிரதேச சபையின் பாதீடு எமக்குத் தெரியாதிருந்தது.

நாம் பயின்ற உண்மை இதுவே. கட்டணம் செலுத்துபவனின் சுதந்திரம் அலைவரிசையை மாற்றும் சுதந்திரம். குடிமகனின் சுதந்திரம் அலைவரிசையையே திருத்தும் சுதந்திரம். முதலாவதைத் தனியே அனுபவிக்கலாம். இரண்டாவதைத் தனியே அனுபவிக்க முடியாது. அதற்கு அயலவர் வேண்டும், சங்கம் வேண்டும், சலியாத குரல் வேண்டும். வசதியுள்ளோர் ஒவ்வொருவராக விலகிச் செல்லும்போது, எஞ்சியிருப்போரின் குரல் மெலிகிறது. குரல் மெலிந்த இடத்திற் சேவை தேய்கிறது. சேவை தேய்ந்ததைக் காட்டி மேலும் சிலர் விலகுகின்றனர்.

ஆசிரிய நண்பர்களே, இது தொலைக்காட்சியின் கதை மாத்திரமா? சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இந்நாட்டிற் கல்வி இலவசமாயிற்று. அது பிச்சையாக இடப்பட்டதன்று, உரிமையாக நிலைநாட்டப்பட்டது. எம்மிற் பெரும்பாலோர் அவ்வுரிமையின் பிள்ளைகள். இன்று மாலை நான்கு மணிக்குப் பின் எமது ஊர்களின் சந்திகளைப் பாருங்கள். ரியூட்டரிகளின் வாயிலிற் சைக்கிள்கள் நிரம்பி வழிகின்றன. பாடசாலையில் இலவசமாகக் கிடைக்க வேண்டிய பாடம், பூட்டப்பட்டு, மாதக் கட்டணத்துக்குத் திறந்துவிடப்படுகிறது. அத்திறவுகோலை விற்போரில் எம்மவரும் இருக்கின்றனர். எமது பிள்ளைகளுக்காக அதை வாங்குவோரில் நாமும் இருக்கின்றோம். மகன் கேட்ட “வாறதை ஏன் பூட்டி வைக்கினம்?” என்ற கேள்விக்கு எம்மால் உடனே விடை கூற முடியாமற் போனதற்கு ஒருவேளை இதுவே காரணமாயிருக்கலாம். பூட்டுக்காரன் எங்கோ தொலைவில் மாத்திரம் இருக்கவில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? வீட்டுக்கு வீடு தட்டுக்களைக் கழற்றி எறியுங்கள் என்று நாம் கூறவில்லை. தனிமனிதத் துறவினால் சமுதாய அமைப்பு மாறியதாக வரலாறில்லை. லயன் அறையிலுள்ள தாயிடம் தட்டைக் கழற்றச் சொல்லும் உரிமை எமக்கு இல்லவே இல்லை. நாம் கேட்பது வேறு. பொது அலைவரிசைகள் அமைச்சரின் கையிலிருந்து மீட்கப்பட்டு, மக்களுக்குப் பொறுப்புக்கூறும் சபையின்கீழ் வரவேண்டும். தமிழுக்குரிய இடம் நேரத்திலும் நிதியிலும் சமமாக அமைய வேண்டும். மலையகத்தின் வாழ்வும் கிழக்கின் வாழ்வும் அங்கே பார்வையாளராக அல்ல, படைப்பாளராக இடம்பெற வேண்டும். நாடு முழுவதும் காண வேண்டிய நிகழ்ச்சிகள் எக்காரணங் கொண்டும் பூட்டுக்குள் செல்லலாகாது. எண்முறை ஒளிபரப்புக்கு மாறும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. பழைய முறையில் ஓர் அலைவரிசைக்குப் போதுமான இடத்தில், புதிய முறையிற் பல அலைவரிசைகள் அடங்கும். அவ்வாறு புதிதாகத் தோன்றும் இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை, அது விற்று முடிந்தபின் கேட்பதில் பயனில்லை. இப்பொழுதே கேட்க வேண்டும்.

கேட்பதற்கு எமக்கு உரிமையுண்டா என ஐயுறுவோர்க்கு எமது நாட்டிலேயே விடையுண்டு. வானொலியில் நடைபெற்றுவந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று 1995ஆம் ஆண்டிற் திடீரென நிறுத்தப்பட்டது. அதிற் பங்குகொண்டுவந்த நேயரொருவர் வழக்குத் தொடுத்தார். நிகழ்ச்சியிற் பங்குகொள்ளும் நேயரின் பேச்சுச் சுதந்திரம் அதனால் மீறப்பட்டதென 1996ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்பவனும் உரிமையுடையவன், காது வெறும் பாத்திரமன்று என்பதை ஒரு தனி நேயர் நிலைநாட்டினார். அடுத்த ஆண்டில், ஒளிபரப்பு அதிகாரசபை ஒன்றை நிறுவக் கொண்டுவரப்பட்ட சட்டமூலமும் அரசியலமைப்புக்கு முரணானதென அதே நீதிமன்றத்தினாற் காணப்பட்டது. எனவே வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை.

எமது ஊர்களிற் சனசமூக நிலையங்கள் உண்டு. ஒரு பத்திரிகையை ஊரே சேர்ந்து வாங்கி, எழுத்தறிந்தவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்ட வழக்கம் அங்கே வளர்ந்தது. பத்திரிகைக்கு விலை இருந்தது. வாசிப்புக்கு விலை இருக்கவில்லை. பாரத்தை ஒன்றாகச் சுமந்து பயனை ஒன்றாகப் பகிரும் கலையை எமது மக்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, மறவாதிருந்தாற் போதும்.

மாரிகாலத்திற் காற்று வீசும்போது எமது முற்றத்து அன்ரனா திரும்பிவிடுகிறது; திரையிற் புள்ளிகள் விழுகின்றன. மகன் வெளியே சென்று குழாயைப் பிடித்துத் திருப்புவான். “இப்ப தெரியுதோ?” என்று அங்கிருந்து கேட்பான். “இன்னுங் கொஞ்சம், கிழக்காலை” என்று நாம் உள்ளிருந்து கூறுவோம். திருப்புபவனுக்குத் திரை தெரியாது. திரையைப் பார்ப்பவனுக்குக் குழாய் எட்டாது. கட்டணப் பெட்டிக்கு ஓர் ஆள் போதும். இலவசமாக வரும் இப்படத்தைத் தெளிவாக்க ஆகக் குறைந்தது இருவர் வேண்டியிருக்கிறது. அவனுடைய கேள்விக்கு எம்மிடமுள்ள விடையும் அதுதான்: பூட்டியவர்கள் பூட்டினார்கள்; நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே திறவுகோல் வாங்கியதால் அந்தப் பூட்டு நிலைத்தது.